மூட்டையிலிருந்து அள்ளி வாங்கும் மளிகை: எதில் மிச்சம், எதில் நஷ்டம்

குடும்பச் செலவில் வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் நாம் நினைத்தபடி குறைக்க முடியாது. மளிகையில் முடியும். அதுவும் சாப்பாட்டின் தரத்தில் கைவைக்காமலே முடியும். பருப்பு, பயறு, மிளகாய், மல்லி, சீரகம் போன்றவற்றைப் பாக்கெட்டில் எடுக்காமல், கடையில் திறந்து வைத்திருக்கும் மூட்டையிலிருந்தோ தொட்டியிலிருந்தோ நமக்கு வேண்டிய அளவு எடை போட்டு வாங்குவது அதற்கு ஒரு நல்ல வழி. கடைக்காரர்கள் இதை ‘லூஸ்’ என்பார்கள். தெருமுனை அண்ணாச்சி கடையில் காலம் காலமாக இருப்பது இதுதான். இப்போது பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கண்ணாடித் தொட்டிகளில் பருப்பைக் கொட்டி, கரண்டி போட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களும், இதுவரை பாக்கெட் மட்டுமே வாங்கிப் பழகியவர்களும் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதற்கான விளக்கம் இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். லூசில் வாங்குவது வேறு, மொத்தமாக வாங்குவது வேறு. இரண்டிலும் பணம் மிச்சமாகும், ஆனால் மிச்சமாகும் விதம் நேர் எதிரானது. மொத்தமாக வாங்கும்போது அதிகம் வாங்குவதால் கிலோவுக்கு ரேட் குறைகிறது. லூசில் வாங்கும்போது குறைவாக வாங்க முடிகிறது, அதனால் வீணாவது குறைகிறது. பிரியாணி செய்ய நாலு அன்னாசிப்பூ போதும் என்னும்போது 50 கிராம் பாக்கெட் வாங்கினால், மிச்சம் டப்பாவின் அடியில் கிடந்து வாசனை போய்க் குப்பைக்குத்தான் போகும். அதே அன்னாசிப்பூவை 10 கிராம் வாங்கினால் கிலோ ரேட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நமக்கு லாபம். என்னைக் கேட்டால், லூஸ் மளிகையின் உண்மையான பலன் ரேட்டில் இருப்பதைவிட இந்த அளவில்தான் அதிகம் இருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிப்பது கம்பெனி அல்ல, நாம்.

ஆகவே வீட்டில் எது அதிகம் செலவாகிறதோ அதை மொத்தமாக, எது எப்போதாவது வேண்டுமோ அதைச் சிறிதாக. துவரம்பருப்பும் அரிசியும் முதல் வகை. கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், கசகசா, எள் எல்லாம் இரண்டாவது வகை. பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். பருப்பை அரைக் கிலோ பாக்கெட்டாக மாதம் ஐந்து தடவை வாங்குவார்கள், கிராம்பை 100 கிராம் பாக்கெட்டாக ஒரே தடவை வாங்கி வருஷம் முழுக்க வைத்திருப்பார்கள்.

ரேட்டை எப்படி ஒப்பிடுவது

எல்லாவற்றையும் ஒரு கிலோ விலைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை. பாக்கெட்டுகள் 500 கிராம், 200 கிராம், 90 கிராம் என்று விதவிதமாக வருவதால் எது மலிவு என்று கண்ணுக்குத் தெரியாது. இதற்கு ஒரு உதவி பாக்கெட்டிலேயே இருக்கிறது. இந்தியாவில் பாக்கெட் பொருட்களில் மொத்த விலையோடு அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும், அதற்கு மேற்பட்டதில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று இருக்கும். ‘கிராமுக்கு 0.19 ரூபாய்’ என்று பார்த்தால் ஆயிரத்தால் பெருக்கிவிடுங்கள், கிலோ 190 ரூபாய். பக்கத்தில் தொட்டியில் இருக்கும் அதே ரகப் பருப்பு 168 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 22 ரூபாய். (இந்தக் கட்டுரையில் வரும் விலைகளைக் கணக்குக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மளிகை விலை வாரத்துக்கு வாரம் மாறும்.)

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பாக்கெட் போடும் செலவு, விளம்பரம், கம்பெனியிலிருந்து கடை வரை நடுவில் உள்ளவர்களின் கமிஷன் எல்லாம் பாக்கெட் விலையில் ஏறிக்கொள்கிறது. அதோடு வரியும் உண்டு. 2022 ஜூலை 18 முதல், பெயரும் விவரமும் அச்சிட்டு முன்கூட்டியே கட்டிய அரிசி, கோதுமை, பருப்பு, மாவு, ரவை, கடலைமாவு, பொரி போன்றவற்றுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போடப்பட்டது. அதே பொருளைக் கட்டாமல் சில்லறையாக எடை போட்டு விற்றால் அந்த வரி இல்லை. இந்த விலக்கு தானியம், பருப்பு, மாவு வகைகளுக்குத்தான். மசாலாப் பொருட்களில் இதை எதிர்பார்க்கக் கூடாது.

அந்த வரி 25 கிலோ வரையிலான கட்டுகளுக்கு மட்டும் என்பதால்தான் தமிழ்நாட்டில் 26 கிலோ அரிசிச் சிப்பம் வர ஆரம்பித்தது. இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒரு கடையில் சிப்பம் 1,400 என்றும் இன்னொரு கடையில் 1,430 என்றும் சொன்னால், முதலாவது 25 கிலோவா, இரண்டாவது 26 கிலோவா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் முதலாவது கிலோ 56 ரூபாய், இரண்டாவது 55 ரூபாய். அதிக விலை சொன்னதுதான் மலிவு.

இதோடு கணக்கு முடியவில்லை. கழிவையும் சேர்க்க வேண்டும். கடை சொல்லும் ரேட் பொருளுக்கான ரேட். நமக்கு வேண்டியது சட்டியில் விழும் பொருளுக்கான ரேட். கொட்டையோடு இருக்கும் புளி கிலோ 120 ரூபாய், கொட்டை எடுத்தது 190 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது ரொம்ப மலிவாகத் தெரியும். ஆனால் கொட்டையும் நாரும் சேர்ந்து 40 சதவீதம் போய்விட்டால், கிலோவுக்கு 600 கிராம் புளிதான் கையில் நிற்கும். அப்போது நீங்கள் உண்மையில் கொடுத்த விலை கிலோ 200 ரூபாய், உட்கார்ந்து கொட்டை எடுத்த உழைப்பு அதற்கு மேல். பருப்பிலும் இப்படித்தான். கல், தூசி, சொத்தை எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 40 கிராம் போனால் 150 ரூபாய்ப் பருப்பு 156 ரூபாய் ஆகிவிடுகிறது. சுத்தம் செய்த பருப்பு 155-க்குக் கிடைத்தால் அதை வாங்குவதே மேல்.

போக்குவரத்துச் செலவையும் மறக்க வேண்டாம். மொத்தக் கடையில் கிலோவுக்கு 12 ரூபாய் மலிவு என்று பத்துக் கிலோ வாங்க ஆட்டோவுக்கு 150 ரூபாய் கொடுத்தால், வீட்டு வாசலிலேயே 30 ரூபாய் நஷ்டம்.

கையில் எடுத்துப் பார்ப்பது

பாக்கெட்டுக்கு இல்லாத ஒரு வசதி திறந்த மூட்டைக்கு உண்டு. பொருளைத் தொட்டுப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், ஒன்றை வாயில் போட்டுக் கடித்தும் பார்க்கலாம். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

துவரம்பருப்பையே எடுத்துக்கொள்வோம். மூட்டையின் மேற்பரப்பில் இருப்பதைப் பார்க்காதீர்கள், கையை உள்ளே விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுங்கள். உள்ளங்கையில் பரப்பி, வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். பருப்பு ஒரே அளவாக இருக்கிறதா? உடைந்த குருணை எவ்வளவு? ஊசி குத்தியதுபோல் ஓட்டை இருக்கிறதா? பிடியைத் திரும்பக் கொட்டியபின் உள்ளங்கையில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் வண்டு வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். அளவுக்கு மீறிய பளபளப்பும், கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் நல்ல அறிகுறி அல்ல. சந்தேகம் வந்தால் 50 கிராம் மட்டும் வாங்கிப் போய் வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள், சாயம் ஏற்றியதென்றால் தண்ணீரில் நிறம் இறங்கும். அப்புறம் வடிவத்தைப் பாருங்கள். துவரை உருண்டையான பருப்பு, உடைத்தாலும் விளிம்பு வளைவாக இருக்கும். பட்டையாக, சதுரமாக, ஒரு பக்கம் சாய்வாகச் சீவியதுபோல் சில பருப்புகள் கலந்திருந்தால் அது கேசரிப் பருப்பாக இருக்கலாம். அதைத் தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் கால் நரம்புகள் செயலிழக்கும் என்பதால் அதன் விற்பனைக்குத் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் தடை உண்டு. அந்த மூட்டையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

செம்மண் பூசிய துவரை என்று ஒரு ரகம் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும். முழுத் துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து, பிறகு உடைத்தது. அந்தச் சிவப்புத் தூசியை அழுக்கு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். ருசியில் அது ஒரு படி மேல் என்பது என் கருத்து. இரண்டு மூன்று தண்ணீர் கூடுதலாகக் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் தண்ணீரில் போட்டதும் அது மிதக்கும், முற்றிய மிளகு அடியில் தங்கும். கடுகை நகத்தால் நசுக்கினால் உள்ளே மஞ்சளாக இருக்க வேண்டும். மேல்தோல் சொரசொரப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருந்தால் அது பிரம்மதண்டு என்ற நச்சுச் செடியின் விதை. நிலக்கடலையில் கறுத்ததும், சுருங்கியதும், பூசணம் பிடித்ததும் தென்பட்டால் அந்தக் குவியலையே தொடாதீர்கள். அந்தப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. எள், கடலை, முந்திரி எதுவானாலும் சிக்கு வாடை அடித்தால் வாங்கக் கூடாது.

லூசில் இன்னொரு பெரிய மிச்சம் ரகத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. முந்திரிக்கு ‘டபிள்யூ 240’, ‘டபிள்யூ 320’ என்று தரம் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் சிறிதானால் பருப்பு பெரிது, விலையும் அதிகம். முழுசுக்கு அடுத்து இரண்டாக உடைந்தது, அதற்கடுத்துத் துண்டு, கடைசியில் குருணை என்று விலை இறங்கிக்கொண்டே போகும். குருமாவுக்கு அரைத்து ஊற்ற எதற்கு முழு முந்திரி? துண்டு முந்திரியே போதும். பாயசத்துக்குப் பாதி முந்திரி நன்றாக இருக்கும். முழு முந்திரியைப் பலகாரத்தின் மேல் வைக்கவோ பரிசளிக்கவோ வாங்கலாம். ஏலக்காயிலும் அப்படித்தான். பொடித்துப் போடுவதற்குப் பருமனான பச்சைக் காய் தேவையில்லை. சிறிய காய்க்குள்ளும் கறுப்பு விதை இருக்கிறதா, கசக்கினால் வாசனை வருகிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

தராசு

எலக்ட்ரானிக் தராசில் பொருளை வைப்பதற்கு முன்னால் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள். எடை அளவைத் துறையின் முத்திரை தராசில் இருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, கவரின் எடை. ஒரு கிலோ பருப்பில் ஐந்து கிராம் கவர் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 50 கிராம் ஏலக்காயில் ஐந்து கிராம் கவர் என்றால் பத்தில் ஒரு பங்கு. கிலோ 3,000 ரூபாய் விற்கும் பொருளில் அந்த ஐந்து கிராம் 15 ரூபாய். ஆகவே விலை உயர்ந்த பொருள் வாங்கும்போது, “கவரை முதல்ல வச்சு ஜீரோ பண்ணிட்டுப் போடுங்கண்ணே” என்று கேட்டுவிடலாம். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கையோடு துணிப்பையும் மூடியுள்ள டப்பாவும் கொண்டுபோனால் நல்லது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, பல கடைகளில் காகிதப் பொட்டலம்தான் தருவார்கள். ரவையும் சீனியும் காகிதத்தில் வீடு வந்து சேர்வதற்குள் பாதி வழியில் கொட்டும். டப்பாவின் வெற்று எடையைக் கடையிலேயே போட்டு மூடியில் எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் வசதி.

எந்த மாதத்தில் எதை வாங்குவது

மொத்தமாக வாங்குவதற்கு நாள் பார்க்க வேண்டும். சொல்லப்போனால் இதுதான் இதில் பெரிய விஷயம். நம் வீடுகளில் மாசி, பங்குனி, சித்திரையில் வருஷத்துக்கான மிளகாய், மல்லி, புளி, துவரை வாங்கிப் போடும் பழக்கத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் துவரை அறுவடை மார்கழி, தை வாக்கில் முடிந்து புதுச் சரக்கு வரும். புளி மாசியிலிருந்து உலுக்கப்படும். மிளகாயும் மல்லியும் அதே பருவத்தில் சந்தைக்கு வரத்து கூடும். வரத்து கூடினால் விலை இறங்கும். இரண்டாவது காரணம் வெயில். வாங்கியதைக் காயவைத்து டப்பாவில் போட அந்த மூன்று நான்கு மாதங்களைப் போல வேறு காலம் கிடையாது.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாக எதையும் வாங்கக் கூடாது. சரக்கு பழையது, விலை ஏறியிருக்கும், காற்றில் ஈரம். தீபாவளிப் பலகாரத்துக்கு வேண்டியதை வேண்டிய அளவு மட்டும் வாங்கினால் போதும்.

புளியைச் சேமிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு தடவை சரியாகச் செய்துவிட்டால் வருஷம் முழுக்கக் கவலையில்லை. புதுப் புளியை வெயிலில் ஒரு நாள் போட்டு எடுங்கள். கொஞ்சம் இறுகியபின் கொட்டையும் நாரும் ஓட்டுத் துணுக்கும் எளிதாக வரும். அடியில் கல் உப்பு தூவி, மேலே ஒரு அடுக்கு புளியை அழுத்தி வைத்து, மறுபடியும் உப்பு, மறுபடியும் புளி என்று பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ நிரப்ப வேண்டும். காற்று நிற்காமல் கையால் நன்றாக அமுக்க வேண்டும். வாயைத் துணியால் கட்டி மூடிவிடலாம். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், புளியின் அமிலமும் உப்பும் சேர்ந்து அரித்துவிடும். ஆகஆக நிறம் கறுக்கும், அதனால் கெட்டுப்போனதென்று பொருளல்ல. எடுக்கும்போது கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வருஷத்துக்கு வாங்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். உளுந்தை அதிகம் வாங்கி வைக்காமல் இருப்பது நல்லது. பழைய உளுந்தை ஆட்டினால் மாவு காணாது, இட்லி கல்லாக வரும். அரிசி இதற்கு நேர்மாறு, ஓராண்டு பழைய அரிசி சோறு உதிரியாகவும் அதிகமாகவும் வரும், விலையும் கூடுதலாக இருக்கும். ரவை, மைதா, கடலைமாவு, கம்பு மாவு, சத்துமாவு எதையும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். மாவாக வாங்குவதைவிட முழுசாக வாங்கி அவ்வப்போது மில்லில் அரைப்பது மலிவு. கேழ்வரகும் கோதுமையும் முழுசாக இருந்தால் மாதக் கணக்கில் கெடாது.

முழுப் பயறுக்கும் உடைத்த பருப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பச்சைப்பயறு, தட்டப்பயறு, கொண்டைக்கடலை போன்ற முழுப் பயறுகளில்தான் பயறு வண்டு முட்டையிட்டுப் பெருகும். பயறின் தோலில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிகள் அதன் முட்டைகள். வண்டு வயலிலேயே முட்டையிட்டுவிடுவதால் எவ்வளவு இறுக்கமான டப்பாவில் போட்டாலும் உள்ளேயே பொரியும். தோல் நீக்கி உடைத்த பருப்பில் அதற்கு அவ்வளவு வசதியில்லை. எனவே உடைத்த பருப்பை மூன்று நான்கு மாதத்துக்கு வாங்கலாம், முழுப் பயறை ஒரு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

வாங்கிய அன்றே முறத்தில் போட்டுப் புடைத்து, வெயிலில் மெல்லிய பரப்பாகக் காயவைக்க வேண்டும். சாயங்காலம் எடுத்த சூட்டோடு டப்பாவில் போட்டு மூடிவிட்டால் உள்ளே வேர்த்து, காயவைத்த பலன் போய்விடும். ஆறவிட்டுப் போடுங்கள். டப்பாவில் பழையது மிச்சம் இருந்தால் அதன் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். பழையதில் ஒரு வண்டு இருந்தால் போதும், புதியதும் போச்சு. பழையதை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, டப்பாவைக் கழுவிக் காயவைத்து, அப்புறம் நிரப்ப வேண்டும்.

துவரம்பருப்பை வெகுநாள் வைப்பதானால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுக் கையால் பிசிறி வைப்பார்கள். பருப்பின் மேல் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் வண்டின் முட்டை ஒட்டிப் பிழைக்காது. அரிசியில் காய்ந்த வேப்பிலை, வசம்பு, மிளகாய் போடுவதும் உண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறி ஒன்றும் இருக்கிறது. சின்னத் துளைகள் போட்ட ஒரு குழாய், அதன் அடியில் கூம்பு. அதை அரிசிக்குள் நட்டு வைத்தால், காற்றோட்டம் தேடி நகரும் வண்டுகள் துளைக்குள் நுழைந்து கீழே கூம்பில் விழும், திரும்ப ஏறி வர முடியாது. மூட்டை அரிசி வாங்குபவர்களுக்கு மிகவும் உபயோகம். ரவைக்குச் சுலபமான வழி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுப்பது.

பாக்கெட்டில் தேதி இருக்கும், லூசில் இருக்காது. அந்தத் தேதியை நாம்தான் போட வேண்டும். ஒரு துண்டு டேப்பில் வாங்கிய தேதி, அளவு, விலை மூன்றையும் எழுதி டப்பாவில் ஒட்டுங்கள். காலியாகும் நாளில் பார்த்தால் வீட்டுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். இந்தக் கணக்கு இல்லாமல் மொத்தமாக வாங்குவது வீண்.

லூசில் வாங்கக் கூடாதவை

சமையல் எண்ணெயைத் திறந்த பீப்பாயிலிருந்து ஊற்றி வாங்காதீர்கள். 1998-ல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்ததால் பலர் உடல் வீங்கி இறந்தார்கள். அந்த ஆண்டே எண்ணெயை அடைத்து மூடித்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. பொடித்த மசாலாவுக்கும் உணவுப் பாதுகாப்பு விதிப்படி பாக்கெட் கட்டாயம். மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி, மல்லிப்பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. முழு மிளகாய், விரலி மஞ்சள், முழு மல்லியாக வாங்கிக் காயவைத்து, கூட நின்று மில்லில் அரைத்து வருவதில் செலவும் குறைவு, நிம்மதியும் அதிகம்.

வீட்டில் யாருக்காவது நிலக்கடலையோ முந்திரியோ ஒவ்வாமை என்றால் சூப்பர் மார்க்கெட் தொட்டிகள் ஆபத்து. ஒரு தொட்டியின் கரண்டியை இன்னொன்றில் போட்டு எடுப்பதை எங்கும் பார்க்கலாம். அவர்களுக்குப் பாக்கெட்தான் பாதுகாப்பு. தெருப் புழுதி படும்படி திறந்து வைத்திருக்கும் பேரீச்சை, திராட்சை, வெல்லம் இவற்றையும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். தள்ளுபடிக் காலங்களில் சில பாக்கெட்டுகள் லூசைவிட மலிவாக விழும். அப்போது தாராளமாகப் பாக்கெட்டே வாங்கலாம்.

எங்கே போவது

ரேஷன் கார்டு இருந்தால் முதல் கடை அதுதான். தமிழ்நாட்டில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அதை விட்டுவிட்டு வேறெங்கும் மலிவு தேட வேண்டியதில்லை. மீதித் தேவைக்குத்தான் கடை.

சின்ன அளவுகளுக்குத் தெருமுனைக் கடை போதும். எந்தக் கடையில் கூட்டம் அதிகமோ அங்கே வாங்குங்கள், மூட்டை சீக்கிரம் தீர்வதால் சரக்கு புதிதாக இருக்கும். மொத்தமாக வாங்க ஒவ்வொரு ஊரிலும் ஒரு வீதி இருக்கிறது. சென்னையில் பாரிமுனைப் பக்கம் கொத்தவால் சாவடியும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவும். காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் மளிகை வியாபாரம் அங்கேயேதான் நடக்கிறது. மதுரைக்குக் கீழமாசி வீதி, கோவைக்கு ரங்கே கவுடர் வீதி, சேலத்துக்குச் செவ்வாய்ப்பேட்டை, திருச்சிக்குக் காந்தி மார்க்கெட். அங்கே சில கடைகள் மூட்டையாகத்தான் தருவார்கள், சில கடைகள் ஐந்து கிலோ, பத்துக் கிலோவாகவும் தருவார்கள். மாதக் கடைசியில், பகல் வேளையில் போனால் நின்று பேசி வாங்க நேரம் கிடைக்கும். அக்கம்பக்கத்தில் நாலு வீடு சேர்ந்து ஒரு மூட்டைப் பருப்பை வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டால் ரேட்டும் குறையும், ஆட்டோ கட்டணமும் நாலாகப் பிரியும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மாதம் துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, சீரகம், மல்லி, காய்ந்த மிளகாய் இந்த ஐந்தை மட்டும் லூசில் வாங்கிப் பாருங்கள். பருப்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோ, சீரகம் 100 கிராம், மல்லியும் மிளகாயும் கால் கிலோ. மாதக் கடைசியில் டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் அடுத்த மாதம் அளவைப் பாதியாக்குங்கள். இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிட்டால் அந்தப் பொருளை மட்டும் மொத்தமாக வாங்குவது பற்றி யோசிக்கலாம்.